செத்த மாடும் செத்த டி.வி.யும்

ஊரில் மாடு செத்தால் முதலில் ஆள் வருவது நம் தெருவுக்குத்தான். 'வந்து எடுத்துப் போடு' என்ற குரலைக் கேட்டே நம் அப்பன்மாரும் தாத்தன்மாரும் வளர்ந்தார்கள். இன்று அப்படி ஒருவரை ஏவினால் அது குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், செத்த உடலை, அது மனிதனுடையதோ விலங்கினுடையதோ, பட்டியல் சாதியினரைக் கொண்டு அகற்ற வைப்பதையும் சுமக்க வைப்பதையும் தண்டனைக்குரிய செயல் என்று சொல்கிறது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் வேலம்பாளையத்தில் அதே குரல் இப்போது வேறு ஒரு பிணத்துக்காக வருகிறது. 'பழைய டி.வி. ஒண்ணு மூலையில கெடக்குது, வந்து எடுத்துட்டுப் போ.'

பதினைந்து என்ற எண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் நம் வேலம்பாளையம் எது என்று வெளியூர்க்காரருக்கு விளங்கும். பல்லடம் பக்கத்தில் 63 வேலம்பாளையம் ஒன்று இருக்கிறது. தனி நகராட்சியாக இருந்த நம்மூர் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. பனியன் கம்பெனி, பவர் டேபிள், கட்டிங் வேஸ்ட் குடோன், இவற்றுக்கு நடுவே பழைய இரும்புக் கடைகள். இந்த ஊரில் எந்தக் கழிவும் வீணாய்ப் போவதில்லை. பனியன் துண்டுத் துணிகூடத் தரம் பிரிக்கப்பட்டு மீண்டும் நூலாகிவிடும். கழிவைக் காசாக்கத் தெரிந்த ஊர். அந்தக் காசை உட்கார்ந்து பிரித்தெடுக்கும் கை யாருடையது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

அப்படிப்பட்ட ஒரு கடையின் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு அம்மாவை நாம் பார்த்தோம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். செக்கிங், பிசிறு வெட்டு என்று இருபது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் இருந்தவர். கண் மங்கியதும் கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. இப்போது கோணிச் சாக்கு விரித்து உட்கார்ந்து டி.வி. உடைக்கிறார். ஒரு சுத்தியல், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு திருப்புளி. அவ்வளவுதான் கருவி. பேரப்பிள்ளை பக்கத்திலேயே கண்ணாடித் தூளில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

கையுறை போடக் கூடாதா அம்மா என்று கேட்டோம்.

"போட்டா ஒயரு கைக்குப் புடிபடாது கண்ணு. ஒரு நாளைக்கு நாலு டி.வி.யாச்சும் ஒடச்சாத்தான் கூலி கட்டும். ஒரம்பரை வீட்டுக்குப் போற மாதிரி இருந்தா வேலை ஆகுமா?"

அவர் உடைத்துக்கொண்டிருந்த டி.வி. நமக்கெல்லாம் தெரிந்த டி.வி. அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி.

2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி அது. அந்த ஆண்டு செப்டம்பர் 15-ம் நாளும் 17-ம் நாளும் முதல் கட்டமாக எல்லா மாவட்டங்களிலும் சேர்த்துச் சுமார் 30 ஆயிரம் பெட்டிகள் வழங்கப்பட்டன. கொள்முதல் வேலை அரசின் எல்காட் நிறுவனத்திடம் இருந்தது. 2011-ல் ஆட்சி மாறித் திட்டம் நிற்கும் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இலவசம் கொடுத்து நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று வழக்குகூடப் போட்டார்கள். தேர்தல் அறிக்கையில் இப்படி அறிவிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5-ம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தப் பெட்டியை நாம் ஒருபோதும் குறை சொல்ல மாட்டோம். ஊர்க்காரர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே, சன்னலுக்கு வெளியே, குதிகாலை உயர்த்திக்கொண்டு நின்று ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்த தலைமுறை நம்முடையது. மழை வந்தால் அவர்கள் சன்னலைச் சாத்துவார்கள். படம் அத்தோடு முடிந்தது. காலனி வீட்டுக்குள் சொந்தமாக ஒரு பெட்டி வந்த அன்று, அந்தச் சன்னல் நமக்குத் தேவையில்லாமல் போனது. அதன் அருமை, கேலி பேசியவர்களுக்குத் தெரியாது. நம் கேள்வி வேறு. பெட்டியை வாங்கவும் கொடுக்கவும் குழு அமைத்தார்கள், நிதி ஒதுக்கினார்கள், பட்டியல் எடுத்தார்கள். அது செத்த பிறகு என்ன செய்வது என்பதற்கு ஏன் ஒரு பட்டியலும் இல்லை?

மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 14 அங்குலக் குழாய் டி.வி. ஒன்று சுமார் 10 கிலோ இருக்கும். ஒன்றரைக் கோடி பெட்டி என்றால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன். தட்டை டி.வி. விலை இறங்க இறங்க இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக மூலைக்குப் போயின. மூலையிலிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. 2011-ல் தொடங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும், மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியும் அடுத்து அதே வழியில் வரும்.

ஒரு டி.வி.யை உடைத்தால் கிடைப்பது என்ன? பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருள்தான் முதல் வருமானம். டியூபைச் சுற்றி ஓடும் இன்னொரு செம்பு வளையம் அடுத்தது. பிறகு சர்க்யூட் போர்டு, கொஞ்சம் அலுமினியம், டியூபுக்குள் இருக்கும் இரும்புத் தகடு, வெளியே பிளாஸ்டிக் கூடு. மீதி, பெட்டியின் எடையில் ஏறக்குறைய பாதி, கண்ணாடி. அந்தக் கண்ணாடியை எந்தக் கடையும் எடைக்கு எடுப்பதில்லை.

நஞ்சு இருப்பது அந்தக் கண்ணாடியில்தான். பிக்சர் டியூபின் பின்பக்கக் கூம்பு சாதாரணக் கண்ணாடி இல்லை. உள்ளே உண்டாகும் எக்ஸ் கதிர் வெளியே வராமல் இருக்க, அதில் காரீயம் கலக்கிறார்கள். கூம்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் காரீய ஆக்சைடு இருக்கும். முன்பக்கத் திரையையும் கூம்பையும் ஒட்டவைக்கும் பசைக் கண்ணாடியில் அதைவிடவும் அதிகம். (ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு. இது காரீயம், பழைய தூண்டில் குண்டிலும் பேட்டரியிலும் இருப்பது.) திரையின் உட்புறம் மாவு போல் பூசியிருக்கும் ஒளிர்பொடி, உடைத்தவுடன் மூச்சில் ஏறும். டியூபுக்குள் காற்று கிடையாது, வெற்றிடம். சுத்தியல் தவறான இடத்தில் பட்டால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கி வெளியே சிதறும். கண்ணுக்கும் கழுத்துக்கும் அது போதும். மின்சாரத்திலிருந்து கழற்றிய பிறகும் டியூபில் மின்னேற்றம் தங்கியிருப்பது உண்டு. ரிப்பேர் கடைக்காரர்கள் அதை இறக்காமல் தொடவே மாட்டார்கள்.

காரீயம் உடனே ஆளைக் கொல்லாது. அதனால்தான் அதற்கு யாரும் பயப்படுவதில்லை. இரத்தத்தில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவு எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்வழி போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சி குன்றும். பள்ளியில் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. வாத்தியார் சாதியைச் சொல்லித் திட்டுவார். பெண்ணின் எலும்பில் சேர்ந்த காரீயம் அவள் கருவுறும்போது மீண்டும் இரத்தத்தில் இறங்கிக் கருவுக்குப் போகும். சீனாவில் குய்யூ என்ற ஊர், உலகத்தின் மின்னணுக் குப்பையைப் பல ஆண்டுகள் உடைத்துப் பிழைத்த ஊர். அங்கே குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வாளர்கள் அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைவிட அதில் காரீயம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். கோடு போட்டுக்கொண்டிருந்த அந்தப் பேரப்பிள்ளையின் விரல் நம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஒயரை எரித்துச் செம்பு எடுப்பது இன்னொரு கொடுமை. மேலே இருக்கும் பி.வி.சி. எரியும்போது டயாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. டி.வி. கூட்டின் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் வேதிப்பொருளும் எரிந்தால் அதே வகை நஞ்சைத்தான் தரும். உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத்தில் இப்படி எரித்த கருஞ்சாம்பல் ராமகங்கை ஆற்றங்கரையில் குவிந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. நம்மூரில் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஓடைப் பக்கம் வரும் அந்த நாற்றம் எது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மின்னணுக் கழிவுக்கு இந்தியாவில் முதல் தனி விதிகள் 2011-ல் எழுதப்பட்டு 2012 மே 1 முதல் நடப்புக்கு வந்தன. பிறகு 2016-ல் புதிய விதிகள். இப்போது நடப்பில் இருப்பவை 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் செயல்படும் மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள். மூன்றிலும் டி.வி. உண்டு. முதல் பெட்டி கொடுத்த 2006-ல் இப்படி ஒரு விதியே கிடையாது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

2022 விதிகளின்படி, டி.வி. தயாரித்து விற்கும் கம்பெனி அது செத்த பிறகும் பொறுப்பு. தான் விற்ற கணக்கின்படி 2023-24-லும் 2024-25-லும் 60 சதவீதம், 2025-26-லும் 2026-27-லும் 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் கழிவு முறையாக மறுசுழற்சி ஆனதற்கு அது சான்றிதழ் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழைப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டும். டி.வி. போன்ற வீட்டுச் சாதனங்களுக்கு அந்த ஆலைக்குக் குறைந்தது கிலோவுக்கு 22 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2024-ல் விலை நிர்ணயமானது. அதை எதிர்த்துப் பெரிய பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. பெரிய கம்பெனியும் பெரிய ஆலையும் கிலோவுக்கு இவ்வளவு என்று பேரம் பேசுகிற இந்தக் கணக்கில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அம்மா எந்த வரியிலும் இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சான்றிதழ் கணக்கிடப்படுவது தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய உலோகங்களை வைத்து. பழைய இரும்புக் கடைக்காரர் எதை எடை போடுகிறாரோ அதைத்தான் அரசின் கணக்கும் எடை போடுகிறது. காரீயக் கண்ணாடி இங்கேயும் அநாதைதான்.

யார் டி.வி.யைப் பிரிக்கலாம்? 2011, 2016 விதிகளில் 'பிரிப்பவர்' என்று ஒரு தனி வகை இருந்தது. மறுசுழற்சி ஆலை அளவுக்கு முதல் போட முடியாதவர்கள்கூட, பிரிக்கும் வேலைக்கு மட்டும் அனுமதி கேட்க அது ஒரு சிறு வாசல். 2022-ல் அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். இப்போது பதிவு நான்கு வகையினருக்கு மட்டும். உற்பத்தி செய்பவர், தன் பெயரில் விற்பவர், பழுது பார்த்துப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர். பதிவு இல்லாதவரோடு கொடுக்கல் வாங்கலும் கூடாது.

பிரிக்கும் முறையைப் பற்றி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் விரிவாகவே பேசுகின்றன. முதலில் டியூபின் வெற்றிடத்தைப் பக்குவமாக நீக்க வேண்டும். திரையையும் கூம்பையும் சூடான கம்பியாலோ வைர அரத்தாலோ தனித்தனியே அறுக்க வேண்டும். தூசியை இழுக்கும் கூண்டுக்குள்தான் அது நடக்க வேண்டும். ஒளிர்பொடியை உறிஞ்சித் தனியே சேர்க்க வேண்டும். காரீயக் கண்ணாடியை உருக்காலைக்கோ, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கோ அனுப்ப வேண்டும். படிக்கும்போது நன்றாக இருக்கிறது. வைர அரத்துக்கும் அந்த அம்மாவின் சுத்தியலுக்கும் இடையில் எவ்வளவு தூரம்!

அந்தத் தூரத்தைக் குறைக்கவும் அதே விதிகளில் வழி இருக்கிறது. இன்று நாம் இதை எழுதுவதே அதற்காகத்தான். 2022 விதிகளில் மாநில அரசின் பொறுப்புகள் என்று ஒரு விதி வருகிறது. தொழில் துறை, மின்னணுக் கழிவைப் பிரிக்கவும் மறுசுழற்சி செய்யவும் தொழிற்பேட்டைகளில் இடமோ கூடமோ ஒதுக்க வேண்டும். தொழிலாளர் துறை, பிரிக்கும் வேலையில் இருக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும்; அவர்கள் குழுவாகச் சேர்ந்து பிரிக்கும் கூடம் அமைக்க உதவ வேண்டும்; பயிற்சி கொடுக்க வேண்டும்; ஆண்டுதோறும் கண்காணித்து, அவர்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் உறுதி செய்ய வேண்டும். மாநகராட்சியும் நகராட்சியும், குப்பையோடு கலந்து வரும் மின்னணுக் கழிவைத் தனியே பிரித்துப் பதிவு பெற்றவரிடம் சேர்க்க வேண்டும். கம்பெனியே மூடிப்போன பெட்டிகளை, 'அநாதைப் பொருள்' என்பது விதியின் சொல், சேகரிப்பதும் அவர்கள் பொறுப்பு. தொழிலாளர் பதிவு, குழு, கூடம், பயிற்சி என்று நான்கும் எழுத்தில் இருக்கின்றன. வைசிராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர் என்பதை அந்தத் துறையின் இன்றைய அதிகாரிகளுக்கு நினைவூட்டுவதில் தவறில்லை.

கொங்குப் பகுதியில் சாக்கடையிலும் குப்பையிலும் வேலை செய்வோரில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர் என்பது ஊரறிந்தது. பழைய இரும்புக் கடைகளின் முதலாளிகள் பல சாதியார்; பின்புறத்தில் உட்கார்ந்து உடைப்பவர்களைப் பார்த்தால் நம் தெரு முகங்கள். அண்மைக் காலமாகப் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஊர் கேட்டுச் சாதி விசாரித்தால் அங்கேயும் அடித்தட்டுக் கதைதான். மலம் அள்ளும் வேலையை 1993-ல் ஒரு சட்டம் தடுத்தது. 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டுக்குப் பிறகும் பாதாளச் சாக்கடையில் ஆள் இறங்கிச் சாவது நிற்கவில்லை. அங்கே தடை இருந்தது, மாற்று வேலை இல்லை. இங்கேயும் அப்படியே ஆகிவிடுமோ என்பதுதான் நம் பயம்.

பயத்துக்குக் காரணம் நொய்யல். சாயத் தண்ணீர் ஆற்றில் ஓடி, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையானதை நாம் பார்த்தவர்கள். கீழ்மடை விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். அது நியாயமான வழக்கு. 2011 ஜனவரி 28-ம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு செய்தால்தான் திறக்கலாம் என்றது. ஆற்றுக்கு அந்த உத்தரவு தேவைதான். ஆனால் மூடிய மறுநாள் கூலி இழந்தவர்கள் பட்டறைத் தொட்டியில் வெறுங்காலோடு நின்ற தொழிலாளர்கள். இழப்பீடு என்று வந்தபோது கணக்கு நிலத்தை வைத்துப் போடப்பட்டது. அதே தண்ணீரைக் குடித்து, அதே காட்டில் களையெடுத்த காலனிக்காரருக்குப் பட்டா இல்லை. ஆகவே இழப்பும் இல்லை என்றாகிவிட்டது. சட்டம் தாமதமாக வந்தது. வந்தபோது நம்மைத் தாண்டிப் போனது.

டி.வி. விஷயத்திலும் அபராதம்தான் முதலில் வரும் என்று தோன்றுகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ன் கீழ் முன்பு ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அதை எடுத்துவிட்டு அபராதம் ஆக்கினார்கள்: குறைந்தது 10 ஆயிரம் ரூபாய், அதிகம் 15 லட்சம். ஆலை முதலாளிக்கு 10 ஆயிரம் ஒரு டீச்செலவு. ஒயர் எரித்த பெண்ணுக்கு அது மூன்று மாதச் சோறு. திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5 ஆயிரம் ரூபாய் என்று 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் இருக்கிறது. குறுந்தொழிலுக்கு மின்னணுக் கழிவு விதி பொருந்தாது என்ற ஒரு வரியைக் காட்டி, உதயம் சான்றிதழ் வைத்திருக்கிறோம் என்று சில கடைக்காரர்கள் தைரியம் சொல்கிறார்கள். நம்ப வேண்டாம். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் குறுந்தொழில் என்று சலுகை பார்ப்பதில்லை. அதிகாரி வரும் நாளில் கடைக்காரர் பில் புத்தகத்தைக் காட்டுவார். கையில் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பவர் எதைக் காட்டுவார்?

கண்ணாடியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது அந்த அம்மா சிரித்தார். "முன்னெல்லாம் பள்ளத்துல கொட்டுனோம். இப்ப கார்ப்பரேசன் வண்டிக்காரங்க வாங்க மாட்டேங்கறாங்க. மூட்டை கட்டி வெச்சிருக்கறேன், எங்க கொண்டு போறதுன்னு நீங்களே சொல்லுங்க கண்ணு." நம்மிடம் பதில் இல்லை. வண்டிக்காரரும் நம் ஆள்தான், ஒப்பந்தத் தொழிலாளி. அவர்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அந்த மூட்டைக்கு மாநகராட்சிதான் இடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு பூட்டிய கொட்டகை, காரீயக் கண்ணாடி என்று எழுதிய பீப்பாய்கள், மாதம் ஒருமுறை அபாயக் கழிவுக் கிடங்குக்கு ஒரு லாரி. இதற்கு வானத்தை வளைக்க வேண்டியதில்லை.

படித்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குப்பையோடு நம்மைச் சேர்த்துப் பேசுவதே அவமானம், இந்தத் தொழிலே நமக்கு வேண்டாம் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயம். செத்த மாட்டைத் தொட மாட்டோம் என்று சொல்லித்தான் நம் முன்னோர் தலைநிமிர்ந்தார்கள். தாயும் தகப்பனும் சுத்தியலைக் கீழே வைக்கட்டும், அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் அரம், தூசிக்கூண்டு, உரிமம், ஆலை என்று இந்தத் தொழில் இயந்திரமாகும்போது லாபம் அதில்தான் வரப்போகிறது. அப்போது அது வேறொருவர் தொழிலாகிவிடும். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காக 2023-ல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. டிப்ளமோவும் பி.இ.யும் படித்துவிட்டு மெர்ச்சண்டைசர் வேலைக்கு அலையும் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தால், உடைக்கும் கைகளையே பங்காளிகளாக்கி ஒரு கூடம் கேட்க முடியும். வங்கி மேலாளர் எத்தனை தடவை அலைய வைப்பார் என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும்.

அதுவரை செய்யக் கூடியவை சில. உங்கள் வீட்டுப் பெட்டியைக் கழற்றாமல் முழுதாகவே கொடுங்கள். செம்புக்காக வீட்டிலேயே உடைக்காதீர்கள். உடைக்கும் வேலையில் இருப்பவர்கள் டியூபைத் தொடாமல், கழுத்துச் செம்பை மட்டும் கழற்றிக்கொண்டு டியூபை முழுசாக வையுங்கள். டியூபை உடைப்பதால் கிடைக்கும் இரும்புத் தகட்டுக்கு வரும் காசு அந்தத் தூசிக்கு ஈடாகாது. ஒயரை எரிக்காமல் கத்தியால் உரியுங்கள், நேரம் பிடித்தாலும். தூளை வறண்ட துடைப்பத்தால் பெருக்கினால் அது மூக்குக்குத்தான் வரும். ஈரத்துணி போட்டு ஒற்றியெடுங்கள். அந்த இடத்தில் சோறு, டீ, வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம். கை கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. இது பெண்களுக்கு மட்டும் சொல்லும் அறிவுரை என்று ஆண்கள் நினைத்துவிட வேண்டாம். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வந்து பிள்ளையைக் கொஞ்சும் அப்பனும் அதே தூசியைத்தான் கொண்டு வருகிறான். உடைத்த கண்ணாடியைப் பள்ளத்திலும் பழைய கிணற்றிலும் கொட்டுவதும், வீட்டு அஸ்திவாரத்துக்கு நிரப்புவதும் இன்றோடு நிற்கட்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதைத் தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் எழுத்தில் கேட்போம். 10 ரூபாய்க் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர் என்பதற்குச் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு: இம்மாவட்டத்தில் மின்னணுக் கழிவுக்குப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் எத்தனை பேர், பிக்சர் டியூப் கண்ணாடி கடந்த ஓராண்டில் எவ்வளவு எங்கே அனுப்பப்பட்டது? தொழிலாளர் துறைக்கு ஒரு மனு: 2022 விதிகளின்படி பதிவு செய்யப்பட்ட பிரிக்கும் தொழிலாளர்கள் எத்தனை பேர், அமைக்க உதவிய குழுக்கள் எத்தனை, கடைசியாக உடல்நலச் சோதனை நடந்த தேதி எது? மாநகராட்சிக்கு ஒரு மனு: அநாதைப் பொருள் என்ற கணக்கில் சேர்த்த டி.வி. எத்தனை? ஊராட்சிகளில் இருப்பவர்கள் இதே கேள்வியை அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவே வைக்கலாம்.

கல்லூரி மாணவர்கள் சிலர் மனுக்களை எழுதித்தர முன்வந்திருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் அவற்றின் நகல்களோடு நாமும் போகிறோம். டி.வி. உடைக்கும் வேலையில் இருப்பவர்கள் ஆதார் நகலும் ரேஷன் அட்டை நகலும் எடுத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்கு வந்துவிடுங்கள். அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடி மூட்டையில் ஒன்றையும் எடுத்து வரட்டுமா என்று கேட்டார். உடைந்த தூளைப் பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம், போட்டோ போதும் என்று சொல்லியிருக்கிறோம்.